சின்னதாகப் பால் காய்ச்சினால் போதாதா?

வாசகர் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

தாம்பரத்தை அடுத்த புறநகர்ப் பகுதியிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதினாறு ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, இப்போது வங்கிக் கடனில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றை இருவர் பெயரிலும் வாங்கியிருக்கிறார்கள். முன்பணத்துக்குக் குறைந்த தொகையை, கணவரை இழந்து மகளோடு வசிக்கும் அவருடைய தாயார், தம் பன்னிரண்டு பவுன் நகையை விற்றுக் கொடுத்திருக்கிறார். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய கெடு ஆனிக் கடைசியில் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், கிரகப்பிரவேசம் செய்யாமலேயே சாமான்களை ஏற்றி வந்துவிட்டார்கள். அன்றைக்கு எரிவாயு இணைப்பு மாறி வரவில்லை. தாயும் மகளும் இண்டக்ஷன் அடுப்பில் பால் வைத்தார்கள். பால் பொங்கிக் கண்ணாடிப் பரப்பில் வழிந்ததும் அடுப்பு ஓசையிட்டுத் தானாக நின்றுவிட்டது என்றும், அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தார் என்றும் கடிதத்தில் இருக்கிறது.

இனி ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேரை மட்டும் அழைத்து எளிமையாகப் புதுமனை புகுவிழா நடத்த வேண்டும் என்பது சகோதரியின் ஆசை. கணவரின் அண்ணன் அதற்கு உடன்படவில்லை. பேராவூரணிப் பக்கம் இருக்கும் அவர், ஊரிலிருந்து ஒரு பேருந்து பிடித்து ஆட்களை அழைத்து வந்து, மண்டபத்தில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார். தம்பி குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்திருக்கும் மொய் 2,80,000 ரூபாய் என்று மொய் நோட்டில் நிற்கிறது. விழா வைக்காவிட்டால் அத்தனையும் போய்விடும் என்பது அவர் வாதம். கைச்செலவுக்கு, தாயாரிடம் மிச்சமிருக்கும் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். நாத்தனாரோ, தாயார் முன்னால் நிற்கக் கூடாது, பால் பொங்கும்வரை உள்ளறையில் இருக்கட்டும் என்கிறார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், மொட்டை மாடியில் பந்தல் போட அனுமதி இல்லை, விழா நடத்த 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார். 'இதில் எனக்கு எங்கெல்லாம் உரிமை இருக்கிறது, எங்கெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும்?' என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. சிலவற்றில் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடும், மிச்சத்தை நீங்களும் உங்கள் கணவரும்தான் பேசித் தீர்க்க வேண்டும். இரண்டையும் கலக்காமல் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் சிறிய விஷயம். குடியேறிய பிறகு விழா நடத்தினால் அது செல்லாது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதிவுப் பத்திரமும் சாவியும் உங்கள் கையில் இருக்கின்றன. வீடு உங்களுடையதாவதற்கு இதற்குமேல் எந்தச் சடங்கும் தேவையில்லை. சாஸ்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதற்காகவும் வாடகைக் கெடுவுக்காகவும் பால் மட்டும் காய்ச்சிக் குடியேறிவிட்டு, பிறகு நல்ல மாதம் பார்த்து ஹோமம் செய்கிற குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். உங்கள் குருக்களே ஆவணியில் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார் என்றால், அந்தக் கேள்வியை அவர் முடித்து வைத்துவிட்டார் என்றே பொருள்.

எத்தனை பேரை அழைப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை, வீட்டின் உரிமையாளர்களான உங்கள் இருவருக்கும் மட்டுமே உரியது. மூத்தார் வயதாலும் பாசத்தாலும் பெரியவர். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் குடும்பத்தில் மூத்த ஆண் சொல்வதே முடிவு என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் வருமானத்தில், உங்கள் கடனில் வாங்கிய வீட்டில் அவருக்குப் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை. மாதம் 31,000 ரூபாய் தவணை கட்டப்போவது யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

மொய்க் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

மூத்தாரின் வாதத்தை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் என்பது வெறும் அன்பளிப்பு அல்ல. வங்கி எட்டிப் பார்க்காத காலத்திலிருந்தே கிணறு வெட்டவும், பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும், கடை வைக்கவும் கைகொடுத்த ஏற்பாடு அது. 'மொய் போய்விடும்' என்று அவர் பதறுவதற்குப் பின்னால் ஓர் ஊரின் நாணயம் இருக்கிறது. அதை மதித்துக்கொண்டே, அவர் போட்ட கணக்கில் இருக்கும் ஓட்டையை அவருக்குக் காட்ட வேண்டும்.

அவர் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். மண்டபம், பேருந்து, முந்நூறு இலை, மேளம், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் ஆகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான்கு லட்சம் மொய் வரும் என்பது அவர் நம்பிக்கை. அப்படியே வந்தாலும், அதில் 2,80,000 ரூபாய்தான் நீங்கள் முன்பு செய்ததன் திரும்பல். மீதமுள்ள 1,20,000 ரூபாய் புது மொய். நாளை அவர்கள் வீட்டு விசேஷங்களில் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது, நடைமுறையில் கொஞ்சம் கூட்டியே செய்ய வேண்டியது. செலவு போக உங்கள் கையில் நிற்பது ஒரு லட்சம். தலைமேல் ஏறியிருப்பது 1,20,000. இந்த விழா முடியும்போது, பன்னிரண்டு ஆண்டுகளாக நீங்கள் சேர்த்து வைத்த 2,80,000 ரூபாயும் மண்டப வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்து, அதற்குமேல் இருபதாயிரம் ரூபாய் கடனாளியாகவும் இருப்பீர்கள். அடகுக் கடைக்குப் போன சங்கிலிக்கான வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இப்போது விழா வைக்காவிட்டால் மொய் அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. கடன் பத்திரமோ கையெழுத்தோ இல்லாத மொய்யை வழக்குப் போட்டு வசூலிப்பது நடைமுறையில் நடக்காத காரியம் என்பது உண்மைதான். அது இன்றைக்கும் அப்படித்தான், பத்து ஆண்டுகள் கழித்தும் அப்படித்தான். அதைத் திருப்பிச் செய்ய வைப்பது ஊர்க்காரர்களின் மொய் நோட்டு. அந்த நோட்டு அழியாது. மூத்தாரின் ஊரிலேயே ஆடி, ஆவணியில் பல குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தலில், செலவைப் பங்கிட்டுக்கொண்டு மொய் விருந்து வைக்கும் வழக்கம் இருக்கிறதே. அடுத்த ஆண்டு அப்படி ஒன்றில் உங்கள் கணவரும் சேர்ந்துகொண்டால், முந்நூறு பேரைச் சென்னைக்கு இழுத்து வர வேண்டிய அவசியமே இல்லை. செலவில் ஒரு பங்குதான் உங்களுக்கு வரும்; சாப்பிட வருகிறவர்களுக்கும் அது உள்ளூரிலேயே முடிந்துவிடும். இந்த வழியை மூத்தாரிடம் நீங்களே முன்வையுங்கள். மொய் ஊரில் நடக்கட்டும், புகுவிழா வீட்டில் நடக்கட்டும்.

இதில் பலருக்கும் தெரியாத வருமான வரிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. விசேஷத்தில் வரும் மொய்க்கு வரி கிடையாது என்று பொதுவாக நம்புகிறார்கள். திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு மட்டுமே அந்த முழு விலக்கு உண்டு. புதுமனை புகுவிழாவுக்கும் காதுகுத்துக்கும் அது பொருந்தாது. சட்டம் பட்டியலிட்டிருக்கும் உறவினர்களிடமிருந்து வரும் தொகைக்கு வரி இல்லை. உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், தாய் தந்தையருடன் பிறந்தவர்கள், பெற்றோர், பாட்டன் பாட்டியர், பிள்ளைகள், இவர்களின் துணைவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்குவார்கள். சித்தப்பா மகன் அடங்க மாட்டார். நண்பர்கள், ஊர்க்காரர்கள், அலுவலகத்தினர் அடங்க மாட்டார்கள். இப்படி உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி விதிக்கப்படும். 'நாங்கள் கொடுத்ததுதான் திரும்பி வருகிறது' என்று வாதாடலாம். ஆனால் அதற்கான சான்றை வைத்திருக்க வேண்டியவர் நீங்கள். பழைய மொய் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நாற்பது பேர் விழாவில் நண்பர்கள் எவரேனும் உறையில் பணம் வைத்துக் கொடுத்தாலும், பெயரும் தொகையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 'அன்பளிப்பைத் தவிர்க்க வேண்டுகிறோம்' என்று அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலியே எழாது.

சங்கிலியைப் பற்றி எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. அதை அடகு வைக்காதீர்கள். பன்னிரண்டு பவுனை விற்றுக் கொடுத்த 66 வயதுப் பெண்மணியிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய இரவில் அதுதான் அவருடைய துணிவு. பிறந்த வீட்டுச் சீர் எங்கே என்று உங்கள் ஓரகத்தி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டின் சுவரிலும் தரையிலும் உங்கள் பிறந்த வீட்டுச் சீர் இருக்கிறது என்பதை உங்கள் கணவர் வாயால் அவர் கேட்க வேண்டும். நீங்கள் சொன்னால் அது சண்டையாகும்.

சங்கம், மொட்டை மாடி, அதிகாலை மேளம்

இந்தப் பகுதியில் உங்களைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 'நிலத்தில் எனக்குப் பிரிபடாத பங்கு இருக்கிறது, மொட்டை மாடியில் பந்தல் போட யார் என்னைத் தடுக்க முடியும்?' என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிபடாத பங்கு என்றால், அந்த இடம் உங்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு மற்றவர்களுக்கும் சொந்தம் என்று பொருள். மாடி, படிக்கட்டு, வாகன நிறுத்துமிடத்தின் நடைபாதை எல்லாம் பொதுப்பகுதி. அவற்றில் ஒரு காலை நேரம் முழுவதும் உங்களுக்கென்று வளைத்துப் போட, சங்கம் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் துணைவிதி இடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்கு மாற்றாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பழையதிலும் புதியதிலும் பொதுப்பகுதியைத் தனி ஒருவர் தமக்கென்று பிரித்துக்கொள்ள வழியில்லை.

அதே நேரம், செயலாளர் வாய்மொழியாகச் சொல்வதெல்லாம் விதியாகிவிடாது. துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உறுப்பினர் என்ற முறையில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விழாவுக்கு 5,000 ரூபாய் என்பது துணைவிதியிலோ பொதுக்குழுத் தீர்மானத்திலோ இருந்தால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால், எந்தத் தீர்மானத்தின்படி இந்தக் கட்டணம் என்று பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். வீட்டுக் கதவுக்குள் நாற்பது விருந்தினரை வரவேற்பதற்கு யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால், புதிதாகக் குடிவந்த இடத்தில் முதல் மாதமே செயலாளரோடு மோதிக்கொள்வதை விட, மாடியை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே விழாவை முடிப்பது உங்களுக்கு நல்லது. நாற்பது பேருக்கு மாடி தேவையும் இல்லை.

குருக்கள் குறித்துக் கொடுத்த நேரம் காலை நாலரையிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் நாதஸ்வரம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை இரவு நேரம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ குடியிருப்புப் பகுதியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குகளுக்குள் அங்கிருப்பவர்கள் கேட்பதற்காக என்பது போன்ற சில விலக்குகளே உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு விதி வகுத்திருக்கும் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். தெய்வ காரியம் என்பதால் இந்த விதி தளர்ந்துவிடும் என்ற எண்ணம் தவறு. கீழ்வீட்டில் இதய நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, குருக்கள் சாதாரணக் குரலில் மந்திரம் சொல்லி கணபதி ஹோமம் நடக்கட்டும். ஆறு மணி அடித்த பிறகு, விருந்தினர் வரும் வேளையில், கைபேசியிலோ சிறிய ஒலிப்பெட்டியிலோ மங்கல இசை ஒலிக்கட்டும். முந்தின நாள் மாலையே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் நீங்களும் கணவரும் நேரில் போய், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து அழைத்துவிட்டு வாருங்கள்.

ஹோமத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புது வீட்டின் வழவழப்பான தரை ஓட்டில் நேரடியாக ஹோமகுண்டத்தை வைத்தால் சூட்டில் ஓடு வெடித்துவிடும். முதலில் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி, அதற்குமேல்தான் குண்டம். மேலே பொய்க்கூரை போட்டிருந்தால் அதன் அடியில் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கட்டடத்தில் புகை உணர்விக் கருவி இருந்தால், காவலாளிக்கும் செயலாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையல்காரர் வணிக எரிவாயு உருளையை வீட்டுக்கோ படிக்கட்டுக்கோ தூக்கி வருவதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், அதே கூடத்தில்தான் ஹோம நெருப்பும் இருக்கும். உணவைச் சமைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதினான்கு இலக்க எண் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும்.

நாற்பது பேரை எப்படி உட்கார வைப்பது?

இதைச் சட்டக் கேள்வியாக நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் இந்தக் கவலை இருக்கிறது. நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். நெருங்கிய உறவினர் பதினைந்து பேரை ஆறரைக்கு அழையுங்கள். அவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். அக்கம்பக்கத்தாரை எட்டரைக்கும், பள்ளி, தொழிற்சாலை நண்பர்களைப் பத்தரைக்கும் அழையுங்கள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டால் ஒரு பந்திக்குப் பதினான்கு பேர் தாராளமாக உட்காரலாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஆறு நாற்காலியும் இரண்டு மேசையும் வாடகைக்கு எடுத்தால் போதும். இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, கேசரி, சாம்பார், சட்னி. இதற்குமேல் ஒரு காலை விருந்துக்கு என்ன வேண்டும்? தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால், பத்தரைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியதை வீட்டு மிக்சியில் அப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் காவலாளியிடம் விருந்தினர் பெயர்ப் பட்டியலை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவரை வாசலில் நிறுத்தி, 'எந்த வீடு, கைபேசி எண் என்ன, கையெழுத்துப் போடுங்கள்' என்று கேட்டால், அந்த மனத்தாங்கல் பத்து ஆண்டுகளுக்குத் தீராது. முடிந்தால் உங்கள் வீட்டுப் பையன் ஒருவனையே வாசலில் நிறுத்துங்கள்.

அம்மாவின் இடம்

கடிதத்தில் நீங்கள் நான்கே வரிகளில் கடந்துபோன இந்த விஷயத்துக்குத்தான் நான் அதிகம் நேரம் எடுத்துக்கொண்டேன். 'அம்மாவே பின்னால் நின்றுகொள்வதாகச் சொல்கிறார், அதனால் அது பெரிய பிரச்சினை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணவர் இறந்த நாளிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் வளைகாப்பிலும், யாரும் சொல்வதற்கு முன்பே தாமாக ஒதுங்கிக்கொள்ள அவர்கள் பழகியிருக்கிறார்கள். பிறர் சொல்லி ஒதுங்குவதை விட, தாமாக ஒதுங்குவது வலி குறைவு. அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? சமரச மையத்தில் குடும்ப வழக்குகளைக் கேட்கும்போது, சொத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த மூத்த பெண்கள் திடீரென்று குரல் உடைந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால், பேத்தியின் சடங்கில் தட்டைத் தொடவிடவில்லை என்பார்கள். பணத்தைப் பற்றி அவர்கள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண் கோயிலுக்குள் வருவதைத் தடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தடுப்பது சட்டத்தின் ஆட்சி நடக்கும் சமூகத்தில் இருக்கவே கூடாது என்றது. ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று உள்ள அடையாளத்தை அவளுடைய திருமண நிலை குறைத்துவிடாது என்றும் சொன்னது. அங்கே அந்தப் பெண் பொதுக் கோயிலுக்குள் போவதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. உங்கள் அம்மா நிற்கப்போவதோ, தம் நகையை விற்று வாங்கித் தந்த வீட்டில். இங்கே நீதிமன்றம் எதுவும் தேவையில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நாத்தனாரைப் பற்றியும் கசப்பு வேண்டாம். அவருக்கு உங்கள் அம்மாமேல் வெறுப்பு இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் தெரிகிறது. அந்தப் பயத்தை வாதத்தால் போக்க முடியாது. குத்துவிளக்கின் ஒரு திரியை ஏற்றும்படி அவரை அழையுங்கள். தம்பி வீட்டில் அவருக்கும் இடம் உண்டு என்று அவருக்குத் தெரியட்டும். அடுத்த திரியை உங்கள் அம்மா ஏற்றட்டும். யார் முதலில், யார் இரண்டாவது என்பதில் விட்டுக்கொடுக்கலாம். அம்மா உள்ளறையில் இருப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மூத்தாரிடம் யார், எப்படிப் பேசுவது?

உங்கள் கணவர்தான் பேச வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் கூடவே கூடாது. ஆடி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை இரவு பேருந்து ஏறி, ஊருக்குப் போய், அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லட்டும். மொய்க் கணக்கு எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோகட்டும். 'அண்ணே, கடன் தலைக்குமேல் இருக்கிறது. மண்டபம் வைக்க இப்போது முடியாது. அடுத்த ஆடியில் ஊரில் நீங்கள் எந்தப் பந்தலில் சேரச் சொல்கிறீர்களோ அதில் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஆவணியில் நீங்களும் அண்ணியும் முந்தின நாளே வந்து எங்களோடு தங்க வேண்டும்' என்ற அளவில் சொன்னால் போதும். இதில் மறுப்பும் இருக்கிறது, அவருக்கு உரிய இடமும் இருக்கிறது. அவர் கோபப்படலாம். 'அப்படியென்றால் நான் வரவில்லை' என்றுகூடச் சொல்லலாம். அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். கோபம் வந்துவிடுமே என்று பயந்து மூன்று லட்சம் செலவழித்தால், பிறகு தவணை தவறும் மாதத்தில் அந்தக் கோபம் உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஊரில் அழைக்கப்படாதவர்கள் மனம் நோவார்களே என்ற உங்கள் கவலைக்கு, பாரபட்சமில்லாத ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்வதே வழி. இரு பக்கமும் உடன்பிறந்தவர்கள் குடும்பம் மட்டும் என்று வைத்தால், அதற்கு அப்பால் ஒருவரையும் சேர்க்காதீர்கள். ஒரு பெரியப்பா மகனை அழைத்து இன்னொருவரை விட்டால்தான் பகை வரும். யாரையும் அழைக்கவில்லை என்று தெரிந்தால் ஊர் புரிந்துகொள்ளும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீடு வீடாகச் சொல்லி, 'சென்னை வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும்' என்று அழைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, அழைப்பில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். கைபேசியில் அனுப்பும் அழைப்புதானே, இடம் நிறைய இருக்கிறது. மூத்தார் பெயரையும் அவர் மனைவி பெயரையும் ஒரு வரியில் போடுங்கள்; அதற்குச் சமமான எழுத்தில், அடுத்த வரியில் உங்கள் அம்மாவின் பெயரைப் போடுங்கள். அந்த அழைப்பை முதலில் அம்மாவிடம் காட்டிவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். ஆவணி ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் எரிவாயு இணைப்பு வந்திருக்கும். ஆனாலும் குடிவந்த அன்று பால் பொங்கிய அதே பாத்திரத்தையே அடுப்பில் வையுங்கள். பாலை அம்மா ஊற்றட்டும்.